காசு வாங்காத மொழிபெயர்ப்பாளர்கள்

ஓசியில எழுதறதுக்குன்னே பொறந்தவங்க நாமெல்லாம் :-) அதனால ஓசியில மொழிபெயர்த்துக் கொடுத்தவங்க கதை உங்களுக்குப் பிடிக்கும்னு நினைக்கிறேன்.

1971-ல் பிரான்சில் தொடங்கிய 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு தெரிஞ்சிருக்கும். போர், பஞ்சம், கொள்ளைநோய்னு எங்கே நடந்தாலும் போய் நிற்பவர்கள். இவங்களுக்கும் மொழிபெயர்ப்புச் செலவு உண்டு. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருந்த லோரி திக், ரோஸ் ஸ்மித்-தாமஸ் என்ற இரு பெண்கள், அந்த வேலையை இலவசமாகவே செய்து தரலாமே என்று கிளம்பினார்கள். மிச்சமாகும் பணம் மருந்துக்குப் போகுமே! இப்படி 1993-ல் பாரிசில் பிறந்ததுதான் 'எல்லைகளற்ற மொழிபெயர்ப்பாளர்கள்'.

நல்ல விஷயம்தான். ஆனா ஒண்ணு கவனிங்க. ஆரம்பத்தில் பெரும்பாலும் பிரெஞ்சு, ஆங்கிலம் மாதிரி மொழிகள்தான். அதாவது, உதவி செய்யறவங்க மொழி. உதவி வாங்குறவங்க மொழி?

2010 ஜனவரி 12-ல் ஹைட்டியில் நிலநடுக்கம். 4636 என்ற எண்ணுக்கு மக்கள் எஸ்எம்எஸ் அனுப்பினார்கள், ஹைட்டி கிரியோல் மொழியில். வெளிநாட்டு மீட்புப் படையினருக்கு அது புரியாது. கைகொடுத்தது யார் தெரியுமா? உலகமெங்கும் சிதறிக் கிடந்த ஹைட்டிக்காரர்கள். இணையத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்துக்கு மாற்றினதோடு, தெரு எங்கே இருக்குன்னும் குறிச்சுக் கொடுத்தாங்க.

பிரெஞ்சுக்குத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஏராளம், இலவசமா செய்யவும் ஆள் கிடைக்கும். ஆப்பிரிக்க மொழிகளுக்கு முதலில் ஆளை உருவாக்கணும். அதுக்காக 'எல்லைகளற்ற மொழிபெயர்ப்பாளர்கள்' 2012-ல் நைரோபியில் பயிற்சி மையம் திறந்தார்கள்.

அவசியமான்னு கேட்கறவங்களுக்கு ஒரு கணக்கு. எபோலா பற்றிய எளிய தகவலைக் கென்யாவில் சிலரிடம் கொடுத்துப் பிறகு கேள்வி கேட்டார்கள். 2015-ல் வெளியான முடிவு: ஆங்கிலத்தில் படித்தவர்களின் பதில்களில் சரியானவை 16 சதவீதம். சுவாஹிலியில் படித்தவர்களின் பதில்களில் 92 சதவீதம்! இத்தனைக்கும் கென்யாவில் ஆங்கிலம் ஆட்சி மொழி.

நோய் எப்படிப் பரவும்னு புரியாமப் போனா என்ன ஆகும்? மேற்கு ஆப்பிரிக்காவில் 2014-16 எபோலா 11,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அச்சடிச்ச துண்டுப் பிரசுரம் மட்டும் உயிரைக் காப்பாத்தாது. அது எந்த மொழியில இருக்குங்கிறதும் முக்கியம்.

'எல்லைகளற்ற மொழிபெயர்ப்பாளர்கள்' 2021 முதல் 'கிளியர் குளோபல்' என்ற அமைப்பின் கீழ் இயங்குகிறது. ரெண்டு மொழி தெரிஞ்ச மக்களே, பதிவு போட்ட நேரம் போக மிச்சம் ஒரு மணி நேரம் இருந்தா, யோசிச்சுப் பாருங்க.