செஞ்சிக் குதிரைகள் என்ன தின்றன?

வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் கோட்டையைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. கல்யாண மஹால், யானைக்குளம், களஞ்சியம் என்று போய், குதிரை லாயம் வந்ததும் நின்றுவிடுவேன். கால்நடைத் துறையில் ஆய்வாளராகக் காலம் தள்ளியவனுக்கு வேறு என்ன தோன்றும்? நெல்லுக்குக் களஞ்சியம் இருக்கிறது. புல்லுக்கு என்ன செய்தார்கள்?

ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் 7, 8 கிலோ தீனி வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஆகவே 30 கிலோவுக்குக் குறையாது. ஆயிரம் குதிரை என்றால் நாளுக்கு 30 டன்!

அளவு மட்டும் போதாது, புல் இளசாக இருக்கவேண்டும். நம் பக்கம் ஆவணி, புரட்டாசி மழையில் துளிர்க்கும் புல், கார்த்திகை, மார்கழியில் கதிர் விட்டுவிடும். கதிர் வந்தால் இலை குறைந்து தண்டு கூடும். தண்டுக்குள் லிக்னின் என்ற மரச்சத்து ஏறி, நார்ச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகளால் அதை உடைக்க முடியாது. குளிர்தேசத்து ரை புல்லில்கூட, கதிர் வந்தபின் செரிக்கும் அளவு நாளுக்கு ஏறக்குறைய அரை சதவீதம் இறங்குகிறது. அங்கே குளிர் அந்தப் புல்லை மெதுவாக முற்ற வைக்கிறது. நம் வெயிலோ அவசரக்காரன். ஊசிப்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முற்றிவிடும்.

மாடு சமாளிக்கும். அசைபோட்டு, இரண்டு நாள் வயிற்றில் வைத்து ஊறவைத்து, வைக்கோலிலிருந்துகூடக் கொஞ்சம் சத்து எடுத்துவிடும். குதிரைக்கு ஒற்றை வயிறு. நார் செரிப்பது பின்குடலில், அதுவும் வேகமாகக் கடந்துபோகும். முற்றிய புல் என்றால் அது நாள் முழுக்க மேயவேண்டும். போர்க்குதிரைக்கு அந்த நேரம் ஏது? அதனால்தான் கொள்ளு. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நாம் சொன்னாலும், ஆங்கிலேயன் அதற்கு 'ஹார்ஸ் கிராம்' என்றே பெயர் வைத்தான்.

இனி முற்றுகைக்கு வருகிறேன். 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியைச் சூழ்ந்தான். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698இல். எட்டு வருஷம் ஏன் இழுத்தது என்பதற்கு மலையையும் மதிலையும் சொல்வார்கள். சுல்பிகர் கான் வேண்டுமென்றே தாமதித்தான் என்பாரும் உண்டு. நான் புல்லையும் சேர்த்துக்கொள்வேன்.

1692 டிசம்பரில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வந்து, முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டார்கள். முகலாயப் பாசறைக்குத் தானியம் வரும் வழி அடைபட்டது. பஞ்சம். 1693 ஜனவரியில் சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினான். மாதத்தைக் கவனியுங்கள்: மார்கழி, தை. மூன்றாவது வருஷமாக மேய்ந்த தரையில் மிச்சம் நின்றதும் கதிர் முற்றிய புல்லாகத்தான் இருந்திருக்கும். கொள்ளு வராவிட்டால் அதைத் தின்று குதிரை ஓடாது. இது என் அனுமானம்தான், ஏட்டில் இல்லை. ஆனால் மாட்டுக்காரர் யாரும் மறுக்கமாட்டார்கள்.

பிற்காலத்தில் சென்னை ராஜதானியின் குதிரைப்படையில் குதிரைக்காரனோடு புல்லறுப்பவன் என்று தனி ஆளே உண்டு. மேலே அறுக்கமாட்டான். அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண் போக அலசிப் போடுவான். அருகின் தரையோடு ஓடும் கொடியில் சத்து தங்கியிருக்கும். மேலே காய்ந்தாலும் கீழே உயிர் இருக்கும். அந்த ஆட்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

என் அம்மாவும் வரப்பில் களைக்கொட்டு வைத்து அப்படித்தான் செதுக்குவாள். பூ விட்ட புல்லைத் தொடமாட்டாள். "அது மாட்டுக்கு இல்ல, கூரைக்கு" என்பாள்.

போன தை மாதம் ராஜகிரி அடிவாரத்தில் நாலைந்து மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காய்ந்த தண்டை ஒதுக்கி, அடியிலிருந்த இலையை மட்டும் நாக்கால் சுற்றி இழுத்தன. கூட வந்த பேரன் மாட்டைப் படம் எடுத்தான். நான் தண்டை ஒடித்துப் பார்த்தேன். விறகு மாதிரி இருந்தது.