டபுள் கிளட்ச்: ஒரு கைப்பழக்கத்தின் வரலாறு

கியர்பெட்டியைத் தேயாமல் காப்பது ஒரு காலத்தில் முழுக்க ஓட்டுநரின் பொறுப்பாக இருந்தது. 1890களில் பிரான்சின் பனார்-லெவாசோர் நிறுவனம் பரவலாக்கிய கியர்பெட்டியில், வெவ்வேறு வேகத்தில் சுழலும் பல்சக்கரங்களை நகர்த்தி நேரடியாகக் கோக்க வேண்டியிருந்தது. வேகம் ஒத்துப்போகாவிட்டால் பற்கள் உரசிச் சிதையும்.

இதைத் தவிர்க்க உருவான உத்தியே டபுள் கிளட்ச். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, கீழ் கியருக்கு இறங்குவதானால் ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்தி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கியரைக் கோக்க வேண்டும். எஞ்சின் ஒலியைக் கேட்டே வேகத்தைக் கணித்தனர்.

1928-இல் காடிலாக் அறிமுகப்படுத்திய சின்க்ரோமெஷ் இந்தக் கணிப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. பற்கள் கோக்கும் முன் கூம்பு வடிவப் பரப்புகள் உராய்ந்து வேகத்தைச் சமன்செய்தன. ஆயினும் மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. 1950களின் இறுதியில் உத்தர்பாராவில் உருவான அம்பாசடரின் தொடக்ககால மாதிரிகளில் முதல் கியருக்கு இவ்வசதி கிடையாது. வண்டி நின்ற பின்பே முதல் கியரிடுவது அன்றைய ஓட்டுநர்களின் ஒழுக்கம்.

திறன் கையிலிருந்து இயந்திரத்துக்கு இடம்பெயர்ந்ததே தவிர, தேய்மானம் ஒழியவில்லை. பல்லுக்குப் பதிலாக இன்று சின்க்ரோ வளையம் தேய்கிறது. கிளட்சை அரைகுறையாக மிதிப்பதும், கியரை வலிந்து தள்ளுவதும், கியர் எண்ணெயைப் புறக்கணிப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கின்றன. கிளட்சை முழுதாக மிதித்து, நியூட்ரலில் ஒரு கணம் நிதானித்துக் கியரிடும் பழைய ஓட்டுநர்களின் கைப்பழக்கம் இன்றும் பொருளுடையது. தொழில்நுட்ப வரலாற்றில் கருவிகளை மட்டுமன்றி, அவை விழுங்கிய திறன்களையும் நாம் பதிவுசெய்ய வேண்டும்.