வேண்டிய கோப்பு மட்டும் வந்து சேர…

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதையில், நகரத்துக்கு எதிர்ப்புறமாக, மேற்கே அமைந்திருக்கிறது அடி அண்ணாமலை என்னும் ஊர். அவ்வூரில் இருந்துகொண்டு, பாதையிலுள்ள எட்டு லிங்கக் கோயில்களையும் நீங்கள் படம் எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 படங்கள். படம் ஒன்றுக்கு 40 லட்சம் பைட்டு. சென்னையிலுள்ள நண்பருக்கு வேண்டியதோ வாயுலிங்கத்தின் 40 படங்கள் மட்டுமே. எல்லாவற்றையும் அனுப்புவதா? வேண்டியதை மட்டும் பொறுக்கி அனுப்புவதா?

இன்று இது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய நாள் முதல் அறிஞர்களின் மூளைக்கு வேலை கொடுத்த கேள்வி இது. அதன் வரலாற்றைப் பார்ப்போம்.

ஓர் இந்தியர் வகுத்த விதி

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையில் இணைந்திருந்த கணிப்பொறிகள் பல இனத்தவை. ஒன்று கோப்பை வைக்கும் முறை மற்றொன்றுக்குப் புரியாது. இவற்றுக்கிடையே கோப்புகளை மாற்றிக்கொள்ளப் பொதுவான விதிமுறை ஒன்றை எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யில் முதல் அணியில் படித்து 1965இல் பட்டம் பெற்று, பின் எம்.ஐ.டி.க்குச் சென்றவர். 1971 ஏப்ரல் 16ஆம் நாளிட்ட அவரது ஆவணமே 'எஃப்.டி.பி.' என்னும் கோப்பு மாற்ற விதிமுறையின் தொடக்கம்.

இம்முறையில் கட்டளைகள் செல்ல ஒரு தொடர்பும், கோப்பு செல்ல வேறொரு தொடர்பும் வைக்கும் வழக்கம் பின்னர் நிலைபெற்றது. ஒரே பெயர் வரிசையில் வரும் பல கோப்புகளை ஒருசேரப் பெறுவதற்கு 'எம்கெட்' என்ற கட்டளையும் வந்தது. அது முதலில் மறுமுனையிடம் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கும். பின்பு ஒவ்வொன்றாகக் கோப்பைக் கொண்டுவரும்.

நட்சத்திரத்தின் வேலை

அதே 1971இல் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் இயக்க முறையின் முதல் பதிப்பு வெளிவந்தது. அதில் 'குளோப்' என்றொரு சிறு நிரல் இருந்தது. * என்று எழுதினால் 'எந்த எழுத்துகள் வேண்டுமானாலும்' என்று அது பொருள் கொள்ளும்; ? என்றால் 'ஏதேனும் ஓர் எழுத்து'. 'வாயு*' என்று நீங்கள் தட்டினால், வாயு என்று தொடங்கும் கோப்புப் பெயர்களையெல்லாம் திரட்டிக் கட்டளைக்குக் கொடுத்துவிடும். கட்டளையின் கண்ணுக்கு நட்சத்திரம் தெரியாது, பெயர்கள்தாம் தெரியும்.

இங்கே தமிழருக்கு ஒரு நுட்பம் உண்டு. யூனிகோடு முறையில் 'வா' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணிப்பொறிக்கோ 'வ', அதன் பின் கால் என இரண்டு குறிகள். ஆகவே 'வ*' என்று கேட்டால் வருணலிங்கப் படங்களோடு வாயுலிங்கப் படங்களும் சேர்ந்தே வரும். 'வா' இருக்கும் இடத்தில் ஒரேயொரு ? போட்டால் பொருந்தாது, இரண்டு போட வேண்டும்.

மெதுவான கம்பியில்

1976இல் பெல் ஆய்வுக்கூடத்தின் மைக் லெஸ்க் 'யு.யு.சி.பி.' என்ற கருவியைச் செய்தார். யூனிக்ஸ் கணிப்பொறிகள் தொலைபேசி மூலம் ஒன்றையொன்று அழைத்துக் கோப்புகளைக் கொடுத்து வாங்கின. கட்டணம் குறைந்த இரவு நேரத்தில் இந்த வேலை நடக்கும். ஒரு கணிப்பொறி வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்ததற்குக் கைமாற்றிவிடும்.

இந்தியாவில் 1986இல் 'எர்நெட்' திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் ஆகியன மத்திய மின்னணுவியல் துறையுடன் சேர்ந்து இதில் பங்கேற்றன. அந்நாளில் வினாடிக்கு 9600 பிட்டு செல்லும் கம்பி என்றாலே பெரிய வசதி.

அந்தக் கம்பியில் உங்கள் படங்களை அனுப்பிப் பார்ப்போமா? 9600 பிட்டு என்பது 1200 பைட்டு. 300 படங்கள் 120 கோடி பைட்டு. வகுத்தால் 10 லட்சம் வினாடி. அதாவது பதினொன்றரை நாளுக்கு மேல்! 40 படங்கள் மட்டும் என்றால் 37 மணி நேரம். பொறுக்கி அனுப்புவதன் அருமை இப்போது விளங்குகிறது அல்லவா?

மாறியதை மட்டும்

இதைவிடவும் சிக்கனமாக இருக்க முடியுமா? கோப்பில் ஒரு பத்தி மட்டும் மாறியிருந்தால் முழுக் கோப்பையும் ஏன் அனுப்ப வேண்டும்? ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மாக்கெரஸ் இருவரும் 1996இல் இதற்கு விடை கண்டனர். அதுவே 'ஆர்சின்க்'.

பழைய கோப்பை வைத்திருப்பவர் அதைச் சம அளவுத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கூட்டுத்தொகை போட்டு அனுப்புகிறார். புதிய கோப்பை வைத்திருப்பவர் தம் கோப்பில் அதே தொகை எங்கெங்கு வருகிறது என்று தேடுகிறார். துண்டு எந்த இடத்திலிருந்தும் தொடங்கலாம் என்பதால் ஒவ்வோர் எழுத்திலும் தேட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு தந்திரம் உண்டு. 3, 5, 2, 7 என்பதன் கூட்டுத்தொகை 17. அடுத்து வருவது 4 என்றால் புதிதாகக் கூட்ட வேண்டியதில்லை; முன்னால் நின்ற 3ஐக் கழித்து 4ஐச் சேர்த்தால் 18. இப்படித் தொகையை உருட்டிக்கொண்டே போகலாம். உண்மையான கணக்கில் எண்ணின் இடமும் சேர்க்கப்படுகிறது. தொகை பொருந்திய இடத்தில் வலிமையான இரண்டாவது சோதனை நடக்கும். அதிலும் பொருந்தினால் அத்துண்டை அனுப்புவதில்லை. பொருந்தாதது மட்டுமே கம்பியில் செல்லும்.

நம்பிக்கை என்னும் சிக்கல்

பழைய எஃப்.டி.பி.யில் கடவுச்சொல் மறைவின்றித் திறந்தபடியே பயணம் செய்தது. வழியில் ஒட்டுக்கேட்பவர் எளிதில் எடுத்துக்கொள்ளலாம். பின்லாந்தில் தம் பல்கலைக்கழக வலையில் இத்தகைய திருட்டு நடந்ததைக் கண்ட டாட்டு யுலோனன், 1995இல் எல்லாவற்றையும் மறைகுறியாக்கும் 'எஸ்.எஸ்.எச்.' முறையைச் செய்தார். 1983இல் பெர்க்லி யூனிக்ஸில் வந்த 'ஆர்.சி.பி.' என்ற நகலெடுக்கும் கருவி, இந்தப் புதிய பாதுகாப்பை அணிந்து 'எஸ்.சி.பி.' ஆயிற்று.

பாதை பத்திரமாயிற்று. ஆனால் மறுமுனையில் இருப்பவர் நாணயமானவரா? 'வாயு*' என்று நீங்கள் கேட்க, அவர் வேறு பெயரில் ஒரு கோப்பைத் தள்ளிவிட்டால்? வந்த பெயர் கேட்ட பெயர்தானா என்று எஸ்.சி.பி. சரிபார்க்கவில்லை என்பது 2019இல் வெளியாயிற்று. ஆர்.சி.பி. காலத்திலிருந்து, முப்பத்தைந்து ஆண்டுகளாக, வழிவழியாக வந்த குறை அது! எஸ்.சி.பி. என்ற பெயர் அப்படியே இருக்க, 2022இல் வந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். 9.0 பதிப்பு அதன் உள்ளிருந்த பழைய முறையை விலக்கி 'எஸ்.எஃப்.டி.பி.' முறையை இயல்பாக்கியது.

அனுப்பும் முன்

மறுமுனையில் இல்லாத கோப்பைத் தேடி வருந்துவதைவிட, இருக்கும் கோப்பை இழந்து வருந்துவது கொடிது. ஆர்சின்க்கில் 'டிலீட்' என்று சேர்த்தால், அனுப்புமிடத்தில் இல்லாத கோப்புகள் பெறுமிடத்தில் அழிக்கப்படும். இரண்டு இடத்தின் பெயர்களை மாற்றித் தட்டிவிட்டால் என்னவாகும்? வெறும் அடைவு ஒன்று, ஓராண்டு உழைப்பைத் துடைத்துவிடும். கணிப்பொறி 'ஏன்' என்று கேட்காது.

இதற்காகவே ஒத்திகை வசதியும் தரப்பட்டிருக்கிறது. கட்டளையில் 'வி' என்ற குறியோடு 'என்' என்ற குறியையும் சேர்த்தால், எவை போகும், எவை அழியும் என்ற பட்டியல் மட்டும் திரையில் வரும். கோப்பு எதுவும் அசையாது. பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். வாயுலிங்கத்தின் 40 படங்கள்தாமா, அழிவது எதுவும் இல்லையா என்று உறுதி செய்துகொண்டு, பிறகு 'என்' என்ற குறியை எடுத்துவிட்டுக் கட்டளையைத் தட்டுங்கள்.