நாய்க்கு 'தோர்', 'லோகி'ன்னு பேர் வைக்கப் போறீங்களா? வைக்கிங் காலத்து நாய்களுக்கு என்ன பேர்னு பாருங்க!

நாய்க்குட்டி வாங்கியாச்சு. ஊசி போட்டாச்சு. சங்கிலி, தட்டு எல்லாம் வந்தாச்சு. பேர் மட்டும்தான் பாக்கி. அதற்குத்தான் வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடக்கும்.

டைகர், ஜிம்மி, மணி எல்லாம் பழசாகிவிட்டது. இப்போது உலகம் முழுக்க தோர், லோகி, ஓடின், பிரேயா என்று நாயைக் கூப்பிடும் சத்தம் கேட்கிறது. 2011-ல் வந்த 'தோர்' சினிமாவும், 2013-ல் தொடங்கிய 'வைக்கிங்ஸ்' டி.வி. தொடரும் இந்தப் பெயர்களை மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய் சேர்த்துவிட்டன.

இவை எல்லாம் நார்வே, ஐஸ்லாந்து, சுவீடன், டென்மார்க் பகுதிகளில் கிறிஸ்தவ மதம் வருவதற்கு முன்பு கும்பிடப்பட்ட தெய்வங்களின் பெயர்கள். அங்கே பேசிய மொழிக்கு பழைய நார்ஸ் என்று பெயர். ஆனால் அந்த ஊர் பழைய கதைகளில் பேரோடு வரும் பிரபல நாய்களுக்கு இந்த சாமி பெயர்கள் கிடையாது. அவை வேறு ரகம்.

தேவியை நாய் என்றவருக்கு 3 ஆண்டு தண்டனை

பெண் நாய் என்றால் பலரும் யோசிக்காமல் சொல்லும் பெயர் பிரேயா. காதலுக்கும் அழகுக்கும் உரிய தேவி. கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு பழைய வம்பு இருக்கிறது. சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன்பு, ஐஸ்லாந்து மதம் மாறுவதற்கு சற்று முன்னால், ஜால்டி ஸ்கெக்கியாசன் என்பவர் 'ஆல்திங்' எனப்படும் நாட்டுச் சபையில் ஒரு கவிதை சொன்னார். கிறிஸ்தவரான அவர், பிரேயாவை பெட்டை நாய் என்று அதில் கிண்டல் செய்தார். சபை கொந்தளித்தது. தெய்வ நிந்தனை என்று வழக்கு போட்டு, 3 ஆண்டு நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு ஒருவரை நாடு கடத்த வைத்த சமாசாரத்தை, இன்றைக்கு செல்லப் பெயராக தினமும் பத்து தடவை கூப்பிடுகிறார்கள்!

பழைய கதைதானே என்று தள்ளிவிடவும் முடியாது. இந்தத் தெய்வங்களை இன்றும் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் 1972-ல் தொடங்கிய 'ஆசாத்ருவார்பேலாகித்' என்ற அமைப்புக்கு 1973-ல் அரசு அங்கீகாரம் கிடைத்தது. 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ளனர். சாமி பேரை நாய்க்கு வைக்கும் முன் இதையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்பது நல்லது. நம்ம சாமி பேரை வேற்றூர்க்காரர் நாய்க்கு வச்சா நமக்கு எப்படி இருக்கும்?

உயிரைக் கொடுத்த 'சாம்'

அப்படியானால் எந்தப் பெயர் வைக்கலாம்? முதலில் சொல்ல வேண்டியது சாம்ர். சுருக்கமாக சாம். கருத்த நிறம் என்று பொருள். நம்மூர் கருப்பன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

13-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'நியால் சாகா' என்ற ஐஸ்லாந்து கதையில் வரும் நாய் இது. அயர்லாந்தில் இருந்து வந்த பெரிய சாதி நாய். கன்னர் என்ற வீரனுக்கு அவன் நண்பன் ஓலாப் இதைப் பரிசாகக் கொடுக்கிறான். நண்பன் யார், எதிரி யார் என்று ஆளைப் பார்த்தே கண்டுபிடிக்கும், எதிரியைக் கண்டால் மட்டும்தான் குரைக்கும் என்று சொல்லிக் கொடுக்கிறான்.

கன்னரைக் கொல்ல ஒரு கும்பல் வருகிறது. நாய் இருக்கும் வரை வீட்டை நெருங்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். நாய்க்குப் பழகிய பக்கத்து வீட்டுக்காரனை மிரட்டி, அவனை வைத்தே வெளியே வர வைக்கிறார்கள். ஏமாந்து வந்த சாம், கூட நிற்கும் ஆட்களைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டு, அழைத்து வந்தவன் மேலேயே பாய்கிறது. அதன் தலையில் கோடரி விழுகிறது. சாகும்போது அது போட்ட ஊளையில்தான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த கன்னர் விழிக்கிறான்.

ஐஸ்லாந்தில் இந்தப் பெயர் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1996 முதல் 2016 வரை அதிபராக இருந்த ஓலாபுர் ரக்னர் கிரிம்சன் வீட்டு நாயின் பெயரும் சாமுர்தான். அந்த நாயின் செல்களை அமெரிக்காவுக்கு அனுப்பி, குளோனிங் முறையில் உருவான குட்டிக்கு 'சாம்சன்' என்று பெயர் வைத்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

மாடு பிரித்த 'வீகி'

அடுத்தது வீகி. சண்டைக்காரன் என்ற பொருள் வரும் பெயர். நார்வே மன்னர் ஓலாப் டிரிக்வாசன் வளர்த்த நாய்.

இவர் மன்னர் ஆகும் முன், அயர்லாந்தில் கொள்ளையடித்து ஊர் மாடுகளை எல்லாம் ஓட்டிக்கொண்டு போகிறார். ஒரு விவசாயி ஓடி வந்து, என் மாட்டை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறான். இத்தனை மாட்டில் உன் மாட்டைக் கண்டுபிடித்தால் ஓட்டிக்கொண்டு போ, ஆனால் எங்களை நிற்க வைக்காதே என்கிறார் ஓலாப். விவசாயி நாயை ஏவுகிறான். நூற்றுக்கணக்கான மாட்டுக்கு நடுவில் புகுந்து, அவன் மாடுகளை மட்டும் சரியாகப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்துகிறது நாய். அசந்துபோன ஓலாப், தங்க வளையம் கொடுத்து அந்த நாயை வாங்கிக்கொண்டார். அதுதான் வீகி.

அறிவான நாய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கஷ்டம். கூப்பிடவும் சுலபம்.

ராஜாவான நாய்

சிரிப்புக்கு ஒரு பெயர் வேண்டும் என்றால் சவுர். சேறு, அசிங்கம் என்று அர்த்தம். எப்போதும் மண்ணில் புரண்டுவிட்டு வரும் நாய்க்கு கச்சிதம்.

ஆனால் இந்த நாய் லேசுப்பட்டது இல்லை. நார்வேயில் ஐஸ்டைன் என்ற கொடூர மன்னன் ஒரு பகுதியைப் பிடித்து தன் மகனை அங்கே ஆள வைத்தானாம். மக்கள் அவனைக் கொன்றுவிட்டார்கள். மறுபடி படையோடு வந்த மன்னன், உங்களுக்கு ராஜாவாக என் அடிமை வேண்டுமா, நாய் வேண்டுமா என்று கேட்டான். நாய் என்றால் நம் இஷ்டத்துக்கு இருக்கலாம் என்று மக்கள் நாயையே கேட்டு வாங்கினார்கள். சவுருக்கு தங்கப் பட்டை, சிம்மாசனம் எல்லாம் உண்டு. வழியில் சேறு என்றால் ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போவார்களாம். கடைசியில் ஆட்டு மந்தையில் ஓநாய் புகுந்தபோது, மந்தையைக் காப்பாற்றும்படி கூட இருந்தவர்கள் உசுப்பிவிட, ராஜா போய் ஓநாய் வாயில் மாட்டிக்கொண்டார்.

ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி ஸ்டர்லுசன் (இறப்பு 1241) எழுதிய மன்னர் வரலாற்றில் வீகி, சவுர் ரெண்டு கதையும் இருக்கிறது.

காவல் நாய்க்கு 'கார்ம்'

புராணத்திலேயே நாய் வேண்டும் என்பவர்களுக்கு கார்ம். செத்தவர்கள் உலகமான ஹெல் பக்கம் ஒரு குகை வாசலில் கட்டிப்போடப்பட்டிருக்கும் நாய். நாய்களில் சிறந்தது இதுதான் என்று பழைய பாடலே சொல்கிறது. வாசலில் கட்டிப்போடும் காவல் நாய்க்கு பொருத்தம்தான்.

பென்ரிர் என்று வைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அது நாய் இல்லை, ராட்சச ஓநாய். தெய்வங்கள் அதை ஏமாற்றிக் கட்டிப்போட்டபோது, டிர் என்ற தெய்வத்தின் கையையே கடித்துத் துண்டாக்கியது. நாளைக்கு பக்கத்து வீட்டுப் பிள்ளையை லேசாகப் பிறாண்டினால்கூட, "பேரே அப்படித்தானே வச்சிருக்கீங்க" என்பார்கள்.

ரெண்டு குட்டி வாங்குபவர்களுக்கு ஒரு நல்ல ஜோடி இருக்கிறது. கெரி, பிரெகி. ஓடின் தெய்வத்தின் இரண்டு ஓநாய்கள். ரெண்டுக்கும் பொருள் ஒன்றுதான், பெருந்தீனி. ஓடின் தன் தட்டில் வைப்பதை எல்லாம் இவற்றுக்கே போட்டுவிட்டு, தான் ஒயின் மட்டும் குடிப்பாராம். லாப்ரடார் வளர்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

ஸ்கோல், ஹாட்டி என்று இன்னொரு ஜோடி. ஒன்று சூரியனையும் மற்றது சந்திரனையும் விழுங்கத் துரத்துகிறது. நம்ம ராகு, கேது மாதிரி. ஒரே சிக்கல், நார்வேயில் கோப்பையைத் தூக்கி "ஸ்கோல்" என்று சொல்லித்தான் குடிப்பார்கள். உச்சரிப்பு கொஞ்சம் வேறு என்றாலும், விருந்து நடக்கும் வீட்டில் நாய் குழம்பிப் போகும்.

கூப்பிட்டுப் பாருங்க

பெயர் முடிவு செய்யும் முன் மொட்டை மாடியில் நின்று நாலு தடவை சத்தமாகக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாய்க்குப் புரிவது அர்த்தம் இல்லை, சத்தம்தான். சாமு, வீகி, லோகி போல ரெண்டு அசையில் முடிவது நல்லது. மியோல்னிர், இக்டிராசில் எல்லாம் நாய் ஓடிப் போனபின் கூப்பிட்டு முடிப்பதற்குள் தெருமுனை தாண்டிவிடும். 'ஹெல்' வேண்டவே வேண்டாம். நடுரோட்டில் அதைக் கத்தினால் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பேர் வைத்த கையோடு கழுத்துப் பட்டையில் 'ரூன்' எழுத்து பொறிக்க ஆசைப்படுபவர்கள் உஷாராக இருக்க வேண்டும். அழகாகத் தெரியும் 'ஓதாலா' போன்ற சில எழுத்துகளை ஹிட்லரின் எஸ்.எஸ். படைப்பிரிவு சின்னமாகப் பயன்படுத்தியது. இன்றும் இனவெறிக் கும்பல்கள் சில அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பேரை சாதாரண எழுத்திலேயே பொறித்து, கூடவே போன் நம்பரையும் போடுவதுதான் நாய் தொலைந்தால் உதவும்.

புராணமே வேண்டாம், அந்த ஊர் வாசனை மட்டும் போதும் என்றால் உல்ப் (ஓநாய்), பியோர்ன் (கரடி), கவுதுர் (உற்சாகமானவன்) என்று எளிய பெயர்கள் இருக்கின்றன. நார்வே மக்கள் அதிகம் கொண்டாடும் நாய்களில் ஒன்றான பாம்சேவின் பெயருக்கும் பொம்மைக் கரடி என்றுதான் பொருள். இரண்டாம் உலகப்போரில் 'தோரோட்' என்ற நார்வே போர்க்கப்பலில் மாலுமிகளோடு இருந்த செயின்ட் பெர்னார்டு நாய் அது. மாலுமிகளுக்குள் சண்டை வந்தால், பின்காலில் எழுந்து தோளில் கையை வைத்துப் பிரித்துவிடுமாம். 1944 ஜூலையில் ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் துறைமுகத்தில் இறந்தது. 2006-ல் அந்த ஊரில் அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.