மகமையும் பேராசையும்: விருதுநகர் வணிக ஒழுக்கத்தின் எல்லை

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலை வெடிக்கும்போதெல்லாம் ‘முதலாளியின் பேராசை’ என்ற விளக்கம் எழுகிறது. சினமாக அது நியாயமானது, விளக்கமாகப் போதாது. இதே மண்ணின் வணிகர்கள் தன்னலத்துக்குக் கரை கட்டும் ஏற்பாடு ஒன்றைப் பல தலைமுறைகளாக நடத்தி வந்தவர்கள். அந்தக் கரைக்குள் யார் இருந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்று கேட்டால்தான் இங்கே பேராசை உருவாகும் விதம் புலப்படும்.

ஐரோப்பாவில் இந்த விவாதம் பெரும்பாலும் மனித இயல்பைப் பற்றியதாக நடந்தது. தனிமனிதரின் தீய குணங்களே பொதுநன்மையை விளைவிக்கின்றன என்று சிந்தனையாளர் மாண்டவில் 1714இல் வாதிட்டார். 1759இல் ஆடம் ஸ்மித் அதை மறுத்தார். 1776இல் தன்னலத்துக்குச் சந்தையில் ஓர் இடமும் கொடுத்தார். பணம் சேர்க்கும் நாட்டம் கொடிய வேட்கைகளை அடக்கும் என்று அக்கால அறிஞர் நம்பிய வரலாற்றை ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1977இல் எழுதினார். தமிழ் மரபு வேறு இடத்தில் கோடு கிழித்தது. திருக்குறளில் ‘பொருள் செயல்வகை’ பொருளீட்டலை வற்புறுத்துகிறது. ‘வெஃகாமை’ பிறர் பொருள்மீது கண் வைப்பதைக் கடிகிறது. ஈட்டுவதில் குற்றமில்லை, யாரிடமிருந்து எப்படி என்பதே கேள்வி. விருதுநகர் இதற்கு அமைப்பு வடிவம் கொடுத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை உள்ளிட்ட ஊர்களில் நாடார் வணிகர் பேட்டைகளை அமைத்தனர். விற்பனையில் ஒரு சிறு பங்கு மகமையாக, உறவின்முறை என்னும் சாதிச் சங்கத்தின் பொது நிதிக்குப் போனது. லாபத்தை யாரும் பழிக்கவில்லை; ஆனால் அது வீட்டுக்குப் போகுமுன் பொதுவுக்கு ஒரு பங்கு எடுத்து வைக்கப்பட்டது. 1889இல் விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை மகமையும் வீடுதோறும் எடுத்த பிடியரிசியும் தாங்கின. காமராஜர் படித்தது அங்கேதான்.

இதை ஈகை என்று மட்டும் வாசிப்பது பிழை. கோயில் நுழைவு மறுக்கப்பட்டு, 1899இல் சிவகாசிக் கலவரத்தையும் சந்தித்த சமூகம் அது. பொது நிதி அவர்களுக்குக் காப்பு. தன்னலம் அங்கே மறையவில்லை, சாதியின் அளவுக்கு விரிந்தது. சரக்கின்மேல் விழுந்த மகமை விலைக்குள்ளும் புகுந்திருக்கும் என்பதால், பருத்தி கொண்டுவந்த சம்சாரி விவசாயியும் அந்த நிதிக்குத் தன்னையறியாமல் பங்களித்திருப்பார் என்றே கருதுகிறேன். உறவின்முறைக் கூட்டத்தில் அவருக்கு இடமில்லை.

1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. வானம் பார்த்த கரிசல் கிராமங்களிலிருந்து பெண்களும் சிறுவர்களும் வேலைக்கு வந்தனர். அவர்களில் முதலாளியின் சாதியாரும் இருந்தனர். ஆகவே புதிய எல்லையைச் சாதி மட்டும் வகுக்கவில்லை. மகமை சரக்கை எண்ணியது, வணிகரை எண்ணியது. கூலிக்கு உழைத்தவரின் உடலுக்கு அந்தக் கணக்கில் பத்தி இல்லை.

இன்றைய உள்குத்தகை முறை இந்த விடுபடலை முழுமையாக்கியிருக்கிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கிறது. அறைகளோ சட்டத்துக்குப் புறம்பாகப் பலருக்கு வாடகைக்குப் போகின்றன. குத்தகைக்காரர் தீபாவளிக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். அறையில் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலான ஆட்களை உட்கார வைக்கிறார், மரத்தடியிலும் வேலை நடக்கிறது. கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும். தேங்கினால், ஈரம் பட்ட அலுமினியத் தூள் தானாகச் சூடேறும். பீஸ் ரேட் கூலியில் இருப்பவருக்கும் கை வேகமே வருமானம். ஒவ்வொருவரும் தத்தம் நலனைக் கணக்கிட்டே நடக்கிறார்கள். ஆபத்து மட்டும் எவர் கணக்கிலும் ஏறாமல் நிற்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் வெடித்த ஆலையும் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. இவற்றை ஒரு மனிதரின் குணக்கேடாகச் சுருக்கினால், அவர் கைதானதும் வழக்கு முடிந்துவிட்டதாகத் தோன்றும். அடுத்த பருவத்தில் அதே அறைகள் வேறொருவருக்கு வாடகைக்குப் போகும்.

சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னவற்றை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். தீப்பெட்டித் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க் காப்பீடு, பிரீமியம் முதலாளியுடையது என்றது முதல் தீர்ப்பு. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி நல நிதியில் செலுத்த வேண்டும் என்றது 1996 டிசம்பர் தீர்ப்பு. தொழிலிலிருந்து பொது நிதிக்கு ஒரு பங்கு எடுக்கும் மகமையின் தருக்கம்தான் இதிலும் இருக்கிறது. வேறுபாடு இரண்டு: இது சமூகம் தனக்குத்தானே விதித்துக்கொண்டதன்று, சட்டம் வாங்கியது; பயன் உறவுக்காரருக்கன்று, உழைத்தவருக்கு. ஆனால் 1996இன் நிதி தண்டமாக இருந்ததால் குற்றம் பிடிபட்டால்தான் பணம் சேரும். மகமையோ ஒவ்வொரு விற்பனையிலும் சேர்ந்தது. ஆலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பட்டாசுப் பெட்டியின்மீதும் ஒரு பங்கு விதித்து, அந்த நிதியை ஆளும் அவையில் மருந்தறையில் உட்காருபவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும். உள்குத்தகை அறையில் தயாரானாலும் உரிமதாரரே அந்தப் பங்குக்குப் பொறுப்பாக வேண்டும்.