கேள்விகளுக்கு ஒதுக்கிய பக்கங்கள்

நியூட்டன் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஓர் ஆப்பிள் மரம். 1665ஆம் ஆண்டுக் கோடையில் கொள்ளைநோய் காரணமாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டது, ஊர் திரும்பிய இளைஞர் தோட்டத்தில் அமர்ந்திருந்தார், பழம் விழுந்தது, ஈர்ப்பு விசை பிறந்தது. கேட்க இனிமையான கதைதான். ஆனால் அறிவு வானத்திலிருந்து வந்து விழுவது என்ற எண்ணத்தை அது நம்முள் ஆழமாக விதைத்துவிட்டது. நாம் இங்கே பேச விரும்புவது அந்தத் தோட்டத்துக்கு முந்தைய ஒரு நோட்டுப்புத்தகத்தைப் பற்றி. மாணவர் ஒருவர் தமக்காக மட்டும் எழுதிவைத்த குறிப்பேடு அது. இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

1661ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூட்டன் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். தாயார் வசதி படைத்தவராயினும், வசதியுள்ள மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஏவல் செய்து அதற்கு ஈடாகக் கட்டணச் சலுகை பெறும் ஏழை மாணவர் வரிசையிலேயே அவர் சேர்க்கப்பட்டார். அன்றைய பாடத்திட்டம் முழுக்க அரிஸ்டாட்டிலைச் சார்ந்தது. தருக்கம், அறவியல், அணியியல் ஆகியவற்றை உரைநூல்களின் வழியே கற்க வேண்டும். கற்றதைக் குறிப்பேட்டில் தலைப்புவாரியாகப் பெயர்த்தெழுத வேண்டும். படித்த நூல்களின் சாரத்தைப் பொருள் பிரித்துத் தொகுத்துவைக்கும் இவ்வழக்கம் ஐரோப்பாவில் அன்று எல்லாக் கற்றவரிடமும் இருந்தது. நியூட்டனின் மாற்றுத் தந்தையான பாதிரியார் பர்னபாஸ் ஸ்மித்தும் இறையியல் தலைப்புகள் இட்டுப் பெரியதொரு ஏட்டைத் தொடங்கியிருந்தார். பெரும்பாலான பக்கங்களை நிரப்பாமலே இறந்துபோனார். அந்த வெற்றுப் பக்கங்களில்தான் பின்னாளில் நியூட்டன் தமது கணிதத்தை எழுதினார்.

மாணவ நியூட்டனும் இவ்வழக்கப்படியே தொடங்கினார். ஏட்டின் இரு முனைகளிலிருந்தும் பாடநூல் குறிப்புகளைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் எழுதிவந்தார். ஆனால் தொடங்கிய பாடநூல் எதையும் அவர் முடித்ததாக அக்குறிப்புகள் காட்டவில்லை. இரு முனைக் குறிப்புகளும் நடுவழியில் நின்றுபோக, இடையே நிறையப் பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. 1664ஆம் ஆண்டளவில், இருபத்தொரு வயதில், அவ்விடத்தில் புதிதாக ஒரு தலைப்பை இட்டார். 'சில தத்துவக் கேள்விகள்' என்பது அந்த இலத்தீன் தலைப்பின் பொருள். பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் நண்பர்களாக ஏற்று, உண்மையை அவர்களினும் பெரிய நட்பாகப் போற்றும் பழைய வாசகம் ஒன்றைப் பின்னர் அதன் மேலே எழுதிச் சேர்த்தார்.

இந்த நடுப்பக்கங்களில் நிகழ்ந்த மாற்றங்கள் இரண்டு. முதலாவது மொழி. தலைப்புக்குக் கீழே வருவது பெரும்பாலும் ஆங்கிலம். ஒப்பித்தலுக்குரிய மொழியிலிருந்து விலகித் தாய்மொழிக்கு வந்த இடமும், சொந்தச் சிந்தனை தொடங்கிய இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இரண்டாவது, ஏட்டின் அமைப்பு. காலம், இடம், இயக்கம், ஒளி, நிறம், ஈர்ப்பு, வால்வெள்ளி, நினைவு, கனவு என்று ஏறத்தாழ 45 தலைப்புகளை அவர் முன்கூட்டியே எழுதி, ஒவ்வொன்றின் கீழும் இடம் விட்டுவைத்தார். சில தலைப்புகளின் கீழ் கடைசிவரை எதுவும் எழுதப்படவில்லை. வேறு சில நிரம்பி வழிந்து, ஏட்டின் பிற பக்கங்களில் தொடர்ந்தன. தாம் அறியாதவற்றுக்கு ஒரு மாணவர் முதலில் பட்டியல் போட்டுக்கொண்டார் என்பதே இதன் பொருள்.

டெகார்ட்டின் கருத்துகள் அன்று கல்லூரிப் பாடத்துக்கு வெளியே பேசப்பட்ட புதுமை. நியூட்டன் அவற்றையும் அப்படியே ஏற்கவில்லை. ஒளி என்பது ஊடகத்தின் வழியே வரும் ஓர் அழுத்தம் என்றால், இரவிலும் நமக்குக் கண் தெரிய வேண்டுமே. இருட்டில் ஓடுபவருக்கு எதிரே உள்ள அழுத்தமே வெளிச்சமாகத் தோன்ற வேண்டுமே என்று எழுதிக் கேட்டார். ஈர்ப்பை ஒளிக்கதிர்போல் தடுக்கவோ திருப்பவோ கூடுமானால் ஓயாமல் சுழலும் பொறி ஒன்றைச் செய்துவிடலாமா என்று இன்னோர் இடத்தில் வினவினார். இக்கேள்வி தவறான ஊகத்தின் மேல் எழுந்தது. ஆயினும் பழம் விழுந்ததாகச் சொல்லப்படும் நாளுக்கு முன்பே ஈர்ப்பு என்ற தலைப்பு அவ்வேட்டில் எழுதப்பட்டிருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1664 டிசம்பரில் வானில் தோன்றிய வால்வெள்ளியைக் கண்டு அதன் நிலையைக் குறித்துவைத்தார். சூரியனையே உற்று நோக்கிக் கண்ணில் தங்கும் உருவங்களை ஆராய்ந்தார். அதன் விளைவாக இருட்டறையில் சில நாள் அடைந்து கிடக்க நேர்ந்ததைப் பல்லாண்டுகள் கழித்து ஜான் லாக்குக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார்.

இதே நியூட்டனிடம் மற்றொரு சிற்றேடும் இருந்தது. 1662இல் அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாவங்களைச் சுருக்கெழுத்தில் பட்டியலிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இரவில் பலகாரம் செய்தது, தம்முடையதைக் காப்பாற்றப் பிறர் துண்டைப் பயன்படுத்தியது போன்ற சிறு பிழைகளோடு, தாயையும் மாற்றுத் தந்தையையும் வீட்டோடு எரித்துவிடுவதாக மிரட்டியதும் அதில் இருக்கிறது. முந்நூறு ஆண்டுகள் கழித்தே அறிஞர்கள் அதைப் பிரித்துப் படித்தார்கள். பிறர் கண்ணுக்கென எழுதியிருந்தால் இத்தனை உண்மையாக எழுதியிருப்பாரா?

இந்த வினாவே நம் காலத்துக்கும் உரியது. ஆசிரியப் பயிற்சியிலும் செவிலியர் கல்வியிலும் இன்று மாணவர்கள் தம் கற்றல் அனுபவத்தைப் பற்றிச் சிந்தித்து ஏடு எழுத வேண்டும் என்கிறார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த ஏட்டுக்கு மதிப்பெண் உண்டு என்றானவுடன், "இன்று நான் பொறுமையின் அருமையை உணர்ந்தேன்" என்ற வகை வாக்கியங்கள் பெருகிவிடுகின்றன. தமக்குப் புரியாததைப் புரியவில்லை என்று எழுத எந்த மாணவரும் துணிவதில்லை. தெரிந்ததைக் காட்டும் விடைத்தாளாக அவ்வேடு மாறிவிடுகிறது. யூக்ளிடில் நியூட்டனைச் சோதித்த ஐசக் பாரோ அவரைப் பற்றி அவ்வளவாக உயர்ந்த எண்ணம் கொள்ளவில்லை என்றொரு செய்தி வழங்கிவருகிறது. அந்தத் தேர்வில் கேள்வி ஏட்டுக்கு இடமில்லை. 1669இல் அதே பாரோவின் பேராசிரியர் பதவிக்கு நியூட்டன் வந்தது வேறு கதை.

தனிமைக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. 1665, 1666ஆம் ஆண்டுகளில் தம் தாள்களில் கண்டடைந்த நுண்கணிதத்தை நியூட்டன் நெடுங்காலம் அச்சுக்குத் தரவில்லை. யார் முதலில் கண்டது என்று லைப்னிட்ஸுடன் மூண்ட கசப்பான வழக்கு அந்த மௌனத்திலிருந்தே வளர்ந்தது. ஆகவே எழுதியதை என்றென்றும் பூட்டிவைக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. எதை, எப்போது வெளியே காட்டுவது என்பதை எழுதிய மாணவரே தீர்மானிக்க வேண்டும் என்பதே நம் கருத்து. ஏட்டை வாங்கித் திருத்துவதற்கு மாறாக, அதிலிருந்து ஒரு கேள்வியைத் தேர்ந்து வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லும் ஆசிரியர், ஏட்டின் தனிமையையும் காக்கிறார், கேள்விக்கும் வழி திறக்கிறார்.

இருபத்தொரு வயதில் பழகிய அம்முறை நியூட்டனை விட்டு நீங்கவில்லை. 1704இல் வெளிவந்த தமது 'ஒளியியல்' நூலை அவர் 16 கேள்விகளோடு முடித்தார். 1706இன் இலத்தீன் பதிப்பில் அவை 23 ஆயின. 1717இன் இரண்டாம் ஆங்கிலப் பதிப்பில் 31. அப்போது அவர் ராயல் சொசைட்டியின் தலைவர், எழுபதைக் கடந்தவர்.