விரியன் நஞ்சும் குருதி உறைதலும்

நிலக்கோட்டைச் சமவெளி பூந்தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. பொழுது புலருமுன்னரே மக்கள் தோட்டங்களில் இறங்கி மல்லிகை அரும்பு பறிப்பர். எலியைத் தேடி இரவெல்லாம் திரிந்த கண்ணாடி விரியன், அவ்வேளையில் செடியடியில் சுருண்டு கிடத்தலும் உண்டு. தவறி அதனை மிதித்தவருக்குக் கடிவாயிலும் பல் ஈறுகளிலும் குருதி கசியத் தொடங்குகிறது; கசிவு எளிதில் நிற்பதில்லை. இக்கொடிய நஞ்சே, குருதி எவ்வாறு உறைகிறது என்பதை அறிஞர்களுக்கு விளக்கிய ஆசானும் ஆயிற்று. அவ்வரலாறு மாணவர்கள் அறிய வேண்டுவதொன்றாகும்.

விரலில் சிறு காயம் படுகிறது. சில நிமிடங்களில் குருதி தானே நின்றுவிடுகிறது. இது எங்ஙனம் நிகழ்கிறது? முதலில் அறுபட்ட குழாய் சுருங்குகிறது. அடுத்து, குருதியில் மிதக்கும் நுண்ணிய தட்டுகள் காயத்தின் வாயில் வந்து குவிகின்றன. இத்தட்டுகளின் பணியை 1882-இல் இத்தாலிய அறிஞர் பிட்சோசெரோ விளக்கினார். பின்னர், குருதியில் கரைந்துள்ள பைபிரினோஜன் என்னும் புரதம் நூலிழைகளாகத் திரிந்து, வலைபோலப் பின்னி அடைப்பை உறுதிப்படுத்துகிறது. இம்மாற்றத்தைச் செய்வது திராம்பின் என்னும் நொதி. அது எப்போதும் விழித்திருந்தால் உடலெங்கும் குருதி கட்டிப்போகும் அன்றோ? ஆகவே அது புரோதிராம்பின் என்னும் வடிவில் உறங்கிக்கிடந்து, காயம் பட்டபோது மட்டுமே எழுப்பப்படுகிறது. இக்கருத்துக்களை 1905-இல் ஒழுங்குபடுத்தியவர் ஜெர்மானிய அறிஞர் மொராவிட்ஸ்.

இனி விரியனின் கதைக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியில் இயற்கைநூல் வல்லுநராகப் பணியாற்றிய பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், விசாகப்பட்டினத்தில் தங்கிச் சோழமண்டலக் கரையின் பாம்புகளை ஆராய்ந்தார். அவருடைய நூலின் முதற்பகுதி 1796-இல் வெளிவந்தது. கண்ணாடி விரியனின் அறிவியற்பெயரில் இன்றும் அவர் பெயர் விளங்குகிறது.

ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 1934-இல், லண்டன் மருத்துவர் மக்பர்லேன் ஒரு புதுமை கண்டார். ஹீமோபிலியா நோயாளரின் குருதி உறைய நெடுநேரம் ஆகும். இந்நோய் பெரும்பாலும் தாய் வழியாக ஆண்மக்களுக்கு வருவது. எட்டாம் காரணி என்னும் புரதம் குறைந்திருப்பதே இதன் பொதுவான வகைக்குக் காரணம். அத்தகைய குருதியில், பதினாயிரத்தில் ஒரு பங்காக நீர்த்த விரியன் நஞ்சைச் சேர்த்ததும் அது விரைந்து உறைந்தது! நீர்த்த நஞ்சைக் காயத்தின்மேல் இட்டுக் கசிவை நிறுத்தவும் முடிந்தது.

இதன் பொருள் பின்னரே தெளிவாயிற்று. 1964-இல் இங்கிலாந்தில் மக்பர்லேனும், அமெரிக்காவில் டேவி, ராட்னாப் என்னும் இருவரும், உறைதல் படிப்படியாக நிகழும் தொடர்வினை என்று எடுத்துரைத்தனர். நம் பக்கத்துச் சங்கிலிக் கண்மாய்களை எண்ணிப் பாருங்கள். மேற்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்தது நிறையும்; அது பாய்ந்தால் அதற்கடுத்தது நிறையும். அவ்வாறே ஒரு காரணி அடுத்த காரணியை எழுப்புகிறது. ஹீமோபிலியாவில் நடுக்கண்மாய் ஒன்று தூர்ந்துபோகிறது. விரியன் நஞ்சோ, அதைக் கடந்து, கீழேயுள்ள பத்தாம் காரணியை நேரே தூண்டிவிடுகிறது.

அப்படியானால் கடிபட்டவருக்குக் குருதி கசிவானேன்? காயத்தின்மேல் இட்ட துளி ஓரிடத்தில் வேலை செய்தது. உடலுக்குள் புகுந்த நஞ்சோ எங்கும் பரவி, ஆங்காங்கே வீணாக உறைதலைத் தூண்டுகிறது. பைபிரினோஜனும் பிற காரணிகளும் செலவழிந்துபோகின்றன. உண்மையான காயத்தை அடைக்க வேண்டிய நேரத்தில் கையிருப்பு இல்லை. உறையவைக்கும் நஞ்சே உறையாமைக்குக் காரணமாகிறது!

இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கடிபட்டவரின் குருதியில் சிறிதளவு, தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசையாது வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். அது நீராகவே ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். கண்ணாடியின் பரப்பே உறைதலைத் தூண்டுமாதலால் பிளாஸ்டிக் குழாய் இதற்கு ஏற்றதன்று. நச்சுமுறிவு மருந்து இரத்தத்திலுள்ள நஞ்சைக் கட்டுப்படுத்தினால், கல்லீரல் புதிய காரணிகளை உண்டாக்கிக்கொள்ளும். அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சைச் சென்னைக்கு அருகில் 1978-இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்து வழங்கி வருகிறது.

ஹீமோபிலியா நோயாளருக்கும் நம்பிக்கை பிறந்துள்ளது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், எட்டாம் காரணிக்குரிய மரபணுவை நோயாளரின் சொந்தக் குருதி மூலச்செல்களில் சேர்த்து ஐவருக்குச் சிகிச்சையளித்தனர். கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் குருதிக்கசிவு நேரவில்லை என்று 2024-இல் அவர்கள் அறிவித்தனர்.

இவ்வரலாறு நமக்கு ஒரு கடமையையும் உணர்த்துகிறது. குருதி உறையாத உடலில் கடிவாயைக் கத்தியால் கீறினால், கசிவுக்கு மற்றொரு வாயில் திறந்தவராவோம். இறுகக் கட்டுவதும் வாயால் உறிஞ்சுவதும் தீங்கே. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விரைவில் மருத்துவமனை சேர்ப்பதே அறிவுடைமை. விடியலில் பூப்பறிக்கச் செல்லும் பெற்றோருக்கு இதனைச் சொல்லிவையுங்கள். கையில் விளக்கும் காலில் காலணியும் இன்றிச் செல்லவேண்டாம் என்றும் சொல்லுங்கள். படித்த மாணவர் தம் ஊருக்குச் செய்யக்கூடிய நற்பணி இது.